வலது கால் எனக்கு, இடது கால் அவளுக்கு

அவளைப் பற்றி நல்லதாக எதுவும் எழுதும் உத்தேசம் எனக்கு இல்லை. கடைசியில் நான் மனம் இளகிவிடுவேன் என்று யாராவது எதிர்பார்த்தால் இப்போதே சொல்லிவிடுகிறேன், இளகவில்லை. நடந்தது இரண்டு சுண்டெலிகளின் கால்களைப் பற்றிய தகராறு. வெளியிலிருந்து பார்த்தால் சிரிப்பாகத்தான் இருக்கும். எனக்கு அதில் என் முனைவர் பட்டமே மாட்டிக்கொண்டிருந்தது.

புனேயில் ஔந்த் பக்கம் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்திருந்தேன். எங்கள் ஆய்வகத்தில் அவள் எனக்குச் சீனியர். அங்கே தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். எங்கள் பேராசிரியர் மராட்டிக்காரர், நல்ல மனிதர். முதல் நாளே எங்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவைத்து, "அச்சா ஹை, தும் தோனோ ஏக் ஹி ஜகா கே ஹோ" என்றார். ஒரே ஊர்க்காரர்களைச் சேர்த்துவைத்துவிட்ட சந்தோஷம் அவருக்கு.

"நோ சார், ஐயாம் ஃப்ரம் புனே" என்றாள் அவள்.

உண்மைதான். அப்பா விமானப்படையில் இருந்தவர். புனேயின் விமானதளம் இருக்கும் லோஹேகாவில் பிறந்து லோஹேகாவிலேயே வளர்ந்தவள். தமிழ் வீட்டுக்குள் மட்டும். நான் பாளையங்கோட்டை. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே ஊர் என்றால் நெல்லையப்பர் கோயில் தேர் புனேயின் ஆளந்தி ரோட்டில் வந்து திரும்பவேண்டும். ஆனாலும் அவள் அதை மறுத்த வேகம் எனக்குச் சுருக்கென்றது. சார் அந்தப் பக்கம் போனதும் என்னிடம் திரும்பி, "என்னை அக்கான்னு கூப்பிடு, ஓகே? பேர் எல்லாம் சொல்லாதே" என்றாள். ஊர் வேண்டாம், உறவு மட்டும் வேண்டும். அதுவும் மேலே நிற்கிற உறவு.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. நல்ல வார்த்தை என்றால் இங்கிலீஷ். ஜோக் என்றால் இந்தி. திட்டுவதற்கு மட்டும் தமிழ். பத்துப் பேர் வேலை செய்கிற அறையில் முகத்தில் சிரிப்பு மாறாமல், ஏதோ சமையல் குறிப்பு சொல்வதுபோல, "இது என்னா காம் பண்ணி வெச்சிருக்கே? உனக்கு தமாக் இருக்கா, மூளை இருக்கா? ச்சல், திரும்ப பண்ணு" என்பாள். மற்றவர்கள் எங்களைப் பார்த்து, தாய்மொழியில் பேசிக்கொள்ள ஆள் கிடைத்திருக்கிறதே என்று பொறாமைப்படுவார்கள். ஒரு வங்காளிப் பெண் என்னிடமே அப்படிச் சொன்னாள். நான் தலையை ஆட்டிவைத்தேன்.

நான் தங்கியிருந்தது விஷ்ராந்த்வாடியில். காலையில் பஸ் ஸ்டாப்பில் கூட்டம் நெரியும். லோஹேகாவிலிருந்து ஔந்துக்குப் போகும் அவளுடைய ஸ்கூட்டி தினமும் அதே ஸ்டாப்பைத் தாண்டித்தான் போகும். பின் சீட் காலி. ஒரு ஹார்ன் அடித்து, கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவாள். மழை நாளிலும் அப்படித்தான். ஏறிக்கொள் என்று ஒரு நாள் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை, கேட்கிற ஜாதியும் நான் இல்லை. ஆனால் அந்த ஹார்னை நான் மறக்கவில்லை.

வேலை என்னவென்று சொல்லவேண்டும். சுண்டெலியின் பின்னங்காலில் தொடை எலும்பு ஒன்று, கீழ்க்கால் எலும்பு ஒன்று. தொடை எலும்பு ஒரு தீக்குச்சியின் பாதி நீளம்கூட இருக்காது. எலியை வலியில்லாமல் கொன்று, சாராயத்தில் நனைத்து, காலைப் பிரித்து, சதையைச் சுரண்டி எடுத்தபின் எலும்பின் இரண்டு முனைகளையும் கத்தரிக்கவேண்டும். ஊசியால் உள்ளே திரவத்தைப் பீய்ச்சினால் மஜ்ஜை சிவப்பு நூல்போல வெளியே வந்து விழும். எலும்பு வெளுத்துப்போகும். அந்த மஜ்ஜையைத் தட்டில் ஊற்றி ஒரு வாரம் வளர்த்தால் மேக்ரோஃபேஜ் என்ற செல்கள் கிடைக்கும். உடம்புக்குள் வரும் கிருமிகளை விழுங்கும் செல்கள். ஆபத்து என்று கண்டால் மற்ற செல்களுக்கும் சத்தம் போட்டுச் சொல்பவை.

மஜ்ஜை தானாக மேக்ரோஃபேஜ் ஆகிவிடாது. அதற்கு ஊட்டம் வேண்டும். அந்த ஊட்டத்தை வேறொரு வகைச் செல்கள் சுரக்கும். அவற்றை ஒரு வாரம் வளர்த்து, அவை ஊறிக்கிடந்த நீரை வடிகட்டி எடுத்துவைத்துக்கொள்வோம். ஆய்வகத்தில் அதற்குப் பெயர் சூப். வீட்டுக்கு வீடு ரசம் மாறுகிறமாதிரி ஆய்வகத்துக்கு ஆய்வகம் சூப் மாறும். எங்கள் ஆய்வகத்தில் சூப் வைக்கும் பொறுப்பு ஒருவருக்குத்தான். எல்லோரும் ஒரே சூப்பைப் பயன்படுத்தினால்தான் முடிவுகளை ஒப்பிடமுடியும் என்பது சாரின் விதி. நான் சேர்ந்தபோது அதை வைத்த பையன் படிப்பை முடித்துக்கொண்டு போனான். பொறுப்பு அவளிடம் வந்தது. அதோடு வீட்டுச் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்ட மாமியார் தோரணையும் வந்தது. ஃப்ரீசரிலிருந்து ஒரு குழாய் சூப் எடுக்கவேண்டுமென்றால் அவள் முகத்தைப் பார்த்து நிற்கவேண்டும்.

என் ஆய்வு ஒரே ஒரு கண்டுபிடிப்பின்மேல் நின்றது. எங்களிடம் ஒரு குறிப்பிட்ட மரபணு இல்லாத எலிகள் இருந்தன. சாதாரண எலியின் மேக்ரோஃபேஜுக்குப் பாக்டீரியாவின் மேலுறைத் துணுக்கைக் கொடுத்தால் அது கொதித்து எழும். கொதித்ததா இல்லையா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. கொதித்திருந்தால் தட்டின் குழி மஞ்சளாகும், இல்லையென்றால் நிறமே வராது. சாதாரண எலியின் செல்கள் மஞ்சள் காட்டின. மரபணு இல்லாத எலியின் செல்கள் சும்மா இருந்தன. அந்த மரபணுதான் செல்லைச் சண்டைக்கு எழுப்புகிறது என்று அர்த்தம். அதை முதலில் பார்த்தவள் நான். மறுபடி செய்து பார்த்தேன், அதே மஞ்சள். அன்றைக்கு அம்மாவுக்கு போன் போட்டு, புரியாது என்று தெரிந்தும், முழுவதையும் சொன்னேன்.

பிறகு அந்த மஞ்சள் மங்க ஆரம்பித்தது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வெளிறி, கடைசியில் சாதாரண எலியின் செல்களும் பேசாமல் படுத்துவிட்டன. இரண்டு எலிக்கும் வித்தியாசமே இல்லை. வித்தியாசம் இல்லையென்றால் கண்டுபிடிப்பு இல்லை, பட்டமும் இல்லை. எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தேன். தட்டு, ஊசி, மேலுறைத் துணுக்கு, நான் வேலை செய்யும் நேரம்கூட. ஒன்றும் நகரவில்லை.

வாராந்திரக் கூட்டத்தில் சார் காரணம் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அவள் பேசினாள். வருத்தப்படுகிற குரலில், இங்கிலீஷில், எல்லோருக்கும் கேட்கிறமாதிரி.

"ஹெர் ஹேண்ட்ஸ் ஆர் நாட் க்ளீன், சார்."

எங்கள் வேலையில் இதைவிடக் கேவலமாக ஒருவரைச் சொல்லமுடியாது. கை சுத்தமில்லாதவள் தொட்ட எதையும் நம்பமுடியாது. இன்றைய முடிவு மட்டுமல்ல, பழைய முடிவுகளும் சந்தேகத்துக்கு வந்துவிடும். அவள் அதையும் சொன்னாள். முதலில் பார்த்த அந்த மஞ்சளே அழுக்கினால் வந்திருக்கலாமாம். யாரும் என்னைப் பார்க்கவில்லை. மேஜைமேலிருந்த பார்லே பிஸ்கட் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் ஒரு வார்த்தை வரவில்லை. ஊரில் எதிர்வீட்டுக்காரியோடு தெருவில் நின்று சண்டை போட்ட பரம்பரை என்னுடையது. அந்த வாய் எங்கே போனது என்று தெரியவில்லை.

அன்றே எனக்கு இடம் விடுகிற சாக்கில் வங்காளிப் பெண்கூடத் தன் தட்டுகளை இன்குபேட்டரில் வேறு அடுக்குக்கு மாற்றிக்கொண்டாள்.

விஷயம் பிடிபட்டது ஒரு மத்தியானம். டப்பாவைத் திறந்து சாப்பிட உட்காரும்முன் ஒரு குழாய் சூப் கேட்கப் போயிருந்தேன். அவள் புது சூப்பை வடிகட்டிக்கொண்டிருந்தாள். வடிகட்டி முடித்ததும் ஃப்ரீசரிலிருந்து எடுத்து உருகவைத்திருந்த பழைய சூப்பை அதில் ஊற்றினாள்.

"ஏன்க்கா பழையத ஊத்துதிய?"

"அரே, புதுசுக்கும் பழசுக்கும் ஃபரக் தெரியக் கூடாதில்ல? ஒவ்வொரு தடவையும் லாஸ்ட் பேட்ச் கொஞ்சம் போடுவேன். எங்க வீட்ல தயிருக்கு உறை விடறோமே, ஐசே ஹி."

பெருமையாகவே சொன்னாள். தயிருக்குச் சரி. ஆனால் உறையில் அழுக்கு இருந்தால்? கிருமி செத்துப்போயிருந்தாலும் அதன் மேலுறைத் துணுக்கு சாகாது. வடிகட்டி அதைத் தடுக்காது. சூப் கலங்காது, நாற்றம் வராது, கிருமிச் சோதனையிலும் ஒன்றும் முளைக்காது. என்றைக்கோ ஒரு பாட்டிலில் சேர்ந்த அழுக்கு அடுத்த சூப்புக்கும், அதற்கடுத்ததற்கும், புதிதாகச் சேர்வதோடு கூடிக் கூடிப் போய்க்கொண்டேயிருக்கும். அவளுக்கு அது தெரிய வழியில்லை. அவள் ஆராய்ந்தது அந்தச் செல்கள் எப்படி விழுங்குகின்றன என்பதை. அவளுடைய செல்களுக்குச் சாப்பிடத் தெரிந்தால் போதும், சண்டைபோடத் தெரியவேண்டியதில்லை.

இந்தச் செல்களுக்கு ஒரு குணம் உண்டு. ஒரேயடியாகச் சீண்டினால் கொதித்து எழும். வளரும்போதே கொஞ்சம் கொஞ்சமாகச் சீண்டிக்கொண்டிருந்தால் மரத்துப்போகும், பிறகு எவ்வளவு சீண்டினாலும் அசையாது. இது பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. படித்தபோது தேர்வுக்காகப் படித்தேன். அன்று மத்தியானம் டப்பாவை மூடிவைத்துவிட்டு அதை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, கூட்டத்தில் என் வாய் எங்கே போனது என்பதும் கூடவே விளங்கியது. கோபம் அப்போதுதான் முழுசாக வந்தது.

"அக்கா, சூப்ல ஏதோ இருக்குமோன்னு தோணுது. பழசு கலக்காம ஒண்ணு வச்சுப் பாப்பமா?" என்று மரியாதையாகத்தான் கேட்டேன்.

சிரித்த முகம் சிரித்தபடியே இருந்தது. "ஏய், உன் கை கந்தா, அதுக்கு என் சூப் மேல பழியா? இத்தனை பேர் யூஸ் பண்றா, யாருக்காவது ப்ராப்ளமா? சார்கிட்ட இந்த பக்வாஸ் எல்லாம் சொல்லாதே, உனக்குத்தான் இன்சல்ட்."

நான் கீழ்த்தளத்து ஆய்வகத்துக்குப் போய் சூப் சுரக்கும் செல்களைக் கேட்டு வாங்கி, அவர்கள் இன்குபேட்டரின் ஒரு மூலையிலேயே வளர்த்து, எனக்கென்று சூப் வைக்க ஆரம்பித்தேன். எதையும் எதிலும் கலக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எலிக் கூடத்தைப் பழுதுபார்க்க மூடப்போவதாகச் சொன்னார்கள். மரபணு இல்லாத எலிகளில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். கூடம் மறுபடி திறந்து, அந்த எலிகளை வரவழைத்துப் பெருக்குவதற்குள் என் உதவித்தொகைக் காலம் முடிந்துவிடும். அந்த ஓர் எலி, ஒப்பிட ஒரு சாதாரண எலி, அவ்வளவுதான் எனக்கு மிச்சமிருந்த வாய்ப்பு. அவள் சாரிடம் போய், கடைசி எலியை இவள் கையில் கொடுத்து வீணாக்கவேண்டாம், நானே செய்து பார்க்கிறேன் என்றிருக்கிறாள்.

சார் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். பாகப்பிரிவினைப் பஞ்சாயத்துபோலத் தீர்ப்புச் சொன்னார். இரண்டு எலிகளிலும் வலது கால் எனக்கு, இடது கால் அவளுக்கு. ஒரே எலி, ஒரே சூப், கை மட்டும் வேறு. யார் கையில் குற்றம் என்று தெரிந்துவிடும்.

அவள் உடனே தலையாட்டினாள். ஒரே சூப் என்றால் என் கதை முடிந்தது. அவள் தட்டிலும் மஞ்சள் வராது, என் தட்டிலும் வராது. கண்டுபிடிப்பே பொய் என்று எழுதி மூடிவிடுவார்கள். இந்த முறை பேசினேன். காலில் இரண்டு எலும்பு இருக்கிறது சார், தொடை எலும்பை அக்காவின் சூப்பில் வளர்க்கிறேன், கீழ்க்கால் எலும்பை நான் தனியாக வைத்திருக்கும் சூப்பில் வளர்க்கிறேன், அனுமதி கொடுங்கள் என்றேன். தனியாகச் சூப் வைத்திருப்பது விதிமீறல். கீழ்க்கால் எலும்பில் மஜ்ஜை குறைவு, போதாமல் போனால் அது உன் பாடு என்றார் சார். சரி என்றேன்.

வெளியே வந்ததும் அவள் தமிழுக்கு மாறினாள். "திருட்டுத்தனமா சூப் வெச்சியா? வெட்கமே இல்லையா உனக்கு?"

"இல்லக்கா" என்றேன்.

எலிகளைப் பிரித்த அன்று இருவரும் ஒரே மேஜையில் எதிரும் புதிருமாக நின்றோம். கறுப்பு எலிகள். கையில் எடுக்கும்போது இன்னும் சூடாக இருந்தன. இதுவரை எத்தனையோ எலிகளைக் கொன்றிருக்கிறேன், அன்று மட்டும் அந்தக் கடைசி எலியைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. நாங்கள் இரண்டு பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பிடிக்காமல் ஆளுக்கு ஒரு காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம், அது பாவம் என்ன செய்தது. அவள் தன் பாதியை வேகமாக வெட்டிக்கொண்டு போனாள். வேலையில் கெட்டிக்காரி, அதை மறுக்கமாட்டேன். கீழ்க்கால் எலும்பு கோணலானது, ஊசி நுழைவது கஷ்டம். சாதாரண எலியுடையது முதலில் அடைத்துக்கொண்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மறு முனையிலிருந்து பீய்ச்சினேன். சிவப்பு நூல் வந்தது, கொஞ்சமாக, போதுமான அளவு.

அந்த ஒரு வாரம் நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை. விஷ்ராந்த்வாடி அறையில் போர்விமானம் தலைக்குமேல் போகும்போதெல்லாம் ஜன்னல் அதிரும், எனக்கு இன்குபேட்டர் அதிர்வதுபோலத் தோன்றும். சார் இன்குபேட்டர் சாவியைத் தானே வைத்துக்கொண்டிருந்தார். எங்கள் இருவரையும் அவர் எவ்வளவு நம்பினார் என்பதற்கு அதுவே போதும்.

கடைசி நாள் மேலுறைத் துணுக்கைக் கொடுத்து, மறுநாள் சோதனைத் தட்டை சார் முன்னால் வைத்தோம். நிறம் வர நேரமெடுக்கும். அவளுடைய இடது கால்கள் இரண்டின் குழிகளும் நிறமே இல்லாமல் வெறும் தண்ணீர். அவள் சூப்பில் வளர்ந்த என் தொடை எலும்புகள் இரண்டும் தண்ணீர். அவள் கையும் என் கையும் ஒன்றுதான் என்று அங்கேயே தெரிந்துவிட்டது. என் சூப்பில் வளர்ந்த மரபணு இல்லாத எலியின் குழிகள் தண்ணீர். பக்கத்தில், என் சூப்பில் வளர்ந்த சாதாரண எலியின் குழிகள் மட்டும், சோதனை முடிக்கும் அமிலத்தை விட்டதும், பளிச்சென்று மஞ்சள். சாமந்திப் பூ மஞ்சள். நான் அழுதேன். அவள் முன்னால் அழுததில் எனக்கு இப்போதும் வருத்தம்தான்.

அடுத்த கூட்டத்தில் சார், சூப்தான் காரணம், பழையதை எல்லாம் கொட்டிவிடுங்கள், இனி சூப் பொறுப்பு இவளுக்கு என்று என்னைக் காட்டினார். என் முடிவுகள் நிற்கின்றன என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். யாரும் என் கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. மஞ்சள் வந்துவிட்டதால் அன்று சொன்ன பேச்சும் அழிந்துவிட்டதாக அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

பழைய சூப்பைக் கொட்டியபின் அவளுக்கும் செல் வளர்க்கச் சூப் வேண்டுமே. சில நாள் கழித்துக் காலிப் பாட்டிலோடு என் மேஜைக்கு வந்தாள். அறையில் எல்லோரும் வேலையாக இருந்தார்கள். மெதுவாக, ரகசியம்போல, தமிழில் பேசினாள். திட்டாமல் அவள் பேசிய முதல் தமிழ் அதுதான்.

"உன் கை சாஃப்தான், சுத்தம்தான். நான் அப்போ அப்படி சொல்லியிருக்கக் கூடாது. மனசுல வெச்சுக்காதே. கொஞ்சம் சூப் குடு. என்ன இருந்தாலும் நாம ரெண்டு பேரும் ஒரே ஊர்தானே."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.

"நீங்க புனேதானக்கா" என்றேன். "சூப் தாரேன். நீங்க இப்ப சொன்னத இங்கிலீஷ்ல சொல்லுங்க. அன்னைக்கு இங்கிலீஷ்லதான சொன்னிய."

"சார் முன்னாடி எல்லாம் முடிஞ்சு போச்சே. இப்போ எதுக்கு தமாஷா?"

நான் பாட்டிலை வாங்கவில்லை. கையை மேஜைமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்து முணுமுணுத்தாள்.

"சத்தமா" என்றேன்.

"ஹெர் ஹேண்ட்ஸ் வேர் க்ளீன்" என்றாள் அவள். குரல் உடைந்து அறை முழுவதும் கேட்டது. "இட் வாஸ் மை சூப்."

எல்லோரும் நிமிர்ந்தார்கள். வங்காளிப் பெண் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். நான் பாட்டிலை வாங்கி, கழுத்துவரை நிறைத்துக் கொடுத்தேன். அதில் கஞ்சத்தனம் பண்ணவில்லை.

மறுநாள் காலை விஷ்ராந்த்வாடி ஸ்டாப்பில் அவள் ஸ்கூட்டி நின்றது. ஹார்ன் அடிக்கவில்லை. கையில் இன்னொரு ஹெல்மெட் இருந்தது. "வா, உட்காரு" என்றாள். பின்னால் என் பஸ் வந்துகொண்டிருந்தது, வழக்கம்போலப் பிதுங்கி வழிந்துகொண்டு.

"இல்லக்கா, நீங்க போங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸில் ஏறினேன். ஔந்த் வரைக்கும் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு போனேன். புனேக்கு வந்தபிறகு அவ்வளவு சுகமாக நான் பிரயாணம் செய்ததில்லை.